விலைபோன ராணியின் பெண்டாட்டி

என் புருஷன் ஒரு காலத்தில் ராணியாக இருந்தார். எங்கள் ஊர்க் கூத்தில் பல வருஷம் ராணி வேஷம் அவருக்குத்தான். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், பவுடர் பூசினால் நன்றாக ஒட்டிக்கொள்கிற முகம். மீசையை எடுக்க மட்டும் ஒவ்வொரு தடவையும் பெரிய ரகளை செய்வார். என் கல்யாணச் சேலையைத்தான் ராணிக்குக் கட்டுவார்கள். அதை நான் கட்டியதைவிட அவர் கட்டியதுதான் அதிகம். அவருக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்று என் காதுபடவே பேசுவார்கள்.

நான் சொல்வது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. வேப்பனப்பள்ளியைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். கிழக்கே கொஞ்சம் நடந்தால் தெலுங்கு, வடக்கே கொஞ்சம் நடந்தால் கன்னடம். சந்தையில் மூன்றும் கலந்துதான் திட்டிக்கொள்வார்கள்.

கூத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. பொய்யே சொல்லாத ஒரு ராஜா. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நாட்டைக் கொடுக்கிறான், நகைநட்டைக் கொடுக்கிறான், அதுவும் பத்தாமல் பெண்டாட்டியைச் சந்தையில் நிறுத்தி விற்கிறான். மழை தப்பினால் எங்கள் பக்கத்தில் இந்தக் கூத்தை வைப்பார்கள். விற்கிற கட்டம் வந்ததும் ஊரே அழும். யாருக்காக? ராஜாவுக்காக. "பாவம், இன்னா கஷ்டம் அந்த மனுஷனுக்கு" என்று மூக்கைச் சிந்துவார்கள். ஒருத்தன் வீட்டுக்காரியை விற்றால் மேகத்துக்கு எதற்கு மனசு இளக வேண்டும் என்று என் மாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். "வாய மூடு, சாமி சமாச்சாரம்" என்றார். மூடிக்கொண்டேன். அப்போதெல்லாம் அதைத்தான் நான் அதிகம் செய்துகொண்டிருந்தேன்.

மற்ற ஊர்களில் விற்கிற கட்டமும் இருட்டிலேயே முடிந்துவிடும். எங்கள் ஊரில் மட்டும் அதை விடிந்த பிறகு, மாட்டுச் சந்தை கூடுகிற புளியந்தோப்பில் ஆடுவார்கள். சந்தைக் கட்டம் சந்தையிலேயே நடந்தால்தான் பலிக்குமாம். வாங்குகிறவன் வேஷத்துக்குக் கூத்தாடி கிடையாது. சந்தைக்கு வந்திருக்கும் ஒரு பெரிய மனிதருக்கு அந்த மரியாதை. அவர் மாலை போட்டுக்கொண்டு வந்து, ஒரு காலிப் பையை ராஜாவின் காலடியில் எறிந்துவிட்டு, "வாங்கினேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒருவர் கெடுப்பார் என்று யார் கண்டது?

அந்த வருஷம் கூத்து முடிந்த கையோடு, அதே தோப்பில், என் விஷயமும் பஞ்சாயத்துக்கு வருவதாக இருந்தது. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தை இல்லை. அதனால் என் தங்கையையே என் புருஷனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டுவது என்று மாமனாரும் என் அப்பாவும் பேசி முடித்திருந்தார்கள். வெளியில் எடுத்தால் வீட்டில் சண்டை வரும், அக்கா தங்கை என்றால் அனுசரித்துப் போவார்கள் என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றினால் நிச்சயம். ஊர்க்கவுண்டர் என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், அவர் சொன்னதற்கு மேல் பேச்சில்லை. இரண்டாந்தாரம் கூடாது என்று சட்டமே வந்துவிட்டதாகப் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். வந்திருக்கலாம். கிருஷ்ணகிரி வரைக்கும் வந்திருக்கும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது.

தங்கைக்குத் தாவணி போட்டே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இலந்தப் பழத்துக்காக முள்ளில் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் அடி வாங்குகிற பெண். அவளை நான் சக்களத்தி என்று கூப்பிட வேண்டும், அவள் என் புருஷனோடு குடும்பம் நடத்த வேண்டும். என் புருஷனிடம் கேட்டேன். "நான் இன்னா பண்றது? பெரியவங்க பேசிட்டாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ராணி வேஷத்தில் அழுகிற அழுகையில் கால்வாசியை எனக்காக அழுதிருந்தால் அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

அன்று காலை பெண்கள் எல்லோரும் தோப்பின் ஓரம், கிணற்றை ஒட்டி நின்றோம். ராஜா வேஷம் கட்டியவர் மற்ற நாட்களில் மாட்டுத் தரகர். வருஷம் பூராவும் பொய் சொல்லிப் பிழைக்கிறவர், கூத்தன்று மட்டும் உண்மையே பேசுவார். வாங்குகிறவர் மரியாதை, கன்னட எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாட்டு வியாபாரிக்குக் கிடைத்தது. கோயிலுக்கு எண்ணெய் கொடுத்திருந்தார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். காலையில் வாங்கிய ஒரு செவலைக் கிடேரியைக் கயிற்றோடு பிடித்தபடியே மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

ராஜா நெஞ்சில் அடித்துக்கொண்டு, என் மனைவியை வாங்குவார் யாருமில்லையா என்று பாடினார். வியாபாரி பையை எறிய வேண்டிய இடம் அது. அவர் எறியவில்லை. ராணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் புருஷனின் தாடையைப் பிடித்துத் திறந்து பல்லைப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். சந்தையில் விற்பனைக்கு ஒன்று நின்றால் அவருக்குக் கை தானாகப் போய்விடும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு ராஜாவிடம் நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேரம். படிந்துவிட்டால் துண்டை எடுத்து உதறுவார்கள். உதறிய பிறகு பேச்சு மாறக் கூடாது, மாறினால் அந்தச் சந்தையில் மாடு தங்காது என்பார்கள். துண்டைக் கண்டதும் ராஜாவின் கையும் தானாக உள்ளே போனது. பாட்டு நின்றது. முகத்தில் இருந்த சோகம் போய்த் தரகர் முகம் வந்தது. "கட்டாதுப்பா" என்று தலையை ஆட்டினார். மறுபடி விரல்கள் அசைந்தன. கடைசியில் துண்டை எடுத்துப் பளீரென்று உதறினார். சுற்றி நின்ற மாட்டுக்காரர்கள் எல்லோரும் பழக்க தோஷத்தில், "முடிஞ்சிது!" என்று கத்திவிட்டார்கள்.

படிந்த விலைக்கு ஈடாக வியாபாரி கிடேரியின் கயிற்றை ராஜா கையில் கொடுத்தார். இடுப்பிலிருந்து ஒரு புதுக் கயிற்றை உருவி என் புருஷனின் மணிக்கட்டில் கட்டினார். வாங்கிய மாட்டை விற்றவன் கயிற்றோடு ஓட்டிப் போகக் கூடாது, புதுக் கயிறு போட வேண்டும். என் புருஷன் இதெல்லாம் இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த கட்டம் என்று நினைத்துக்கொண்டு, புலம்பல் பாட்டைப் பாடியபடியே பின்னால் போனார். எங்களைத் தாண்டிப் போனார். தோப்பைத் தாண்டிப் போனார். வண்டியில் ஏறச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது.

"யோவ், எங்கய்யா இட்டுக்கினு போற?" என்று ராணி ஆண்குரலில் அலறியது ஊருக்கே கேட்டது.

அப்போதே சிரித்துவிட்டுப் போயிருந்தால் முடிந்திருக்கும். வியாபாரியும் தெளிந்து, தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆனால் கிடேரி ராசியான சுழி உள்ள கிடேரி. ராஜா அதற்குள் அதைத் தன் வண்டியில் கட்டித் தவிடும் வைத்துவிட்டார். திருப்பிக் கேட்டதும் நிமிர்ந்து நின்று கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார்.

"துண்ட ஒதறியாச்சு. சத்தியம் தவறாத வேஷம் கட்டிக்கினு நானே பேச்சு மாறினா மழ வருமா? ஊர் தாங்குமா?"

வியாபாரிக்குக் கோபம் வந்தது. "இந்த ஆள வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? கிடேரியக் கொடு. கொடுக்கலன்னா சரக்கக் கொடு. மாத்து அந்த்ரே மாத்து! பேச்சுன்னா பேச்சு!"

மழை என்ற வார்த்தை விழுந்ததும் பெரியவர்கள் முகம் மாறியது. விளையாட்டில்லை என்று ஊர்க்கவுண்டர் பாயை விரிக்கச் சொன்னார். என் தலையெழுத்தைத் தீர்க்க வைத்திருந்த வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ராணி விலைபோனது செல்லுமா செல்லாதா என்று பஞ்சாயத்து உட்கார்ந்தது.

முதலில் என் மாமனார் எழுந்தார். "எம் மவன எவன் கேட்டு வித்தான்?"

ராஜா விடவில்லை. "மங்களம் பாடி வேஷத்தக் கலைக்கிற வரைக்கும் அது உம் மவன் இல்ல. எம் பொண்டாட்டி."

அது எங்கள் ஊர் வழக்கம். மங்களம் பாடாமல் வேஷம் கலைத்தால் தெய்வக் குற்றம். ஆகவே என் மாமனார் உட்கார வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைமேல் தனக்குப் பாத்தியதை இல்லை என்று ஒரு மனுஷனைச் சபையில் உட்காரவைப்பதை அன்றுதான் பார்த்தேன். மகளைப் பெற்றவர்களுக்குக் கல்யாணத்தன்று நடக்கிறதுதான், அவருக்குக் கொஞ்சம் தாமதமாக நடந்தது.

நெடுநேரம் வாதம் நடந்தது. புருஷன் விற்றால் பெண்டாட்டி போகத்தானே வேண்டும், கதையே அதுதானே என்றது ஒரு கட்சி. கதையில் விற்றது வாக்குக்காக, இங்கே விற்றது கிடேரிக்காக என்றது இன்னொரு கட்சி. கடைசியில் ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். ராணி பக்கம் திரும்பி, ரொம்பப் பதமாகக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. உனக்கு இதுல சம்மதமா?"

என் புருஷன் என் கல்யாணச் சேலையின் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அது நடிப்பில்லை. அவர் உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டாங்களா? நான் இன்னா மாடா? எனக்கு வாயி இல்லியா, மனசு இல்லியா? என்னக் கேக்காம என்ன எப்பிடி இன்னொரு வூட்டுக்கு அனுப்புவாங்க?"

தோப்பே கலங்கியது. பெரிய பெரிய ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். என் அப்பா அழுதார். என் மாமனார் விக்கி விக்கி அழுதார். கிணற்றோரம் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, கல்லை எடுத்து எறியலாம் போலவும் இருந்தது. இதே வார்த்தைகளை நான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் வாயிலிருந்து வந்தபோது அதற்கு வாயாடித்தனம் என்று பெயர்.

ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். "கட்டினவளா இருந்தாலும் சரி, பெத்த பொண்ணா இருந்தாலும் சரி, ஒரு பொம்பளயக் கேக்காம அவளக் கைமாத்துறதுக்குப் புருஷனுக்கும் உரிம இல்ல, தகப்பனுக்கும் உரிம இல்ல. துண்டு ஒதறினாலும் செல்லாது. அநியாயம் பண்ணினாத்தான் மழ வராது. கிடேரிய ஓட்டிக் கொடுத்துடு."

ஆகா என்றார்கள். இதுவல்லவோ நியாயம் என்றார்கள். ஒரு கிழவர் தெலுங்கில் அவரை வாழ்த்தினார். அந்த ஈரம் காய்வதற்குள் வெற்றிலைத் தட்டை நடுவில் இழுத்தார்கள்.

"அடுத்தது இன்னா? ஆங், ரெண்டாங் கல்யாணம். பையன் வூட்டுல சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாமனார்.

"பொண்ணப் பெத்தவனுக்கு?"

"சம்மதம்" என்றார் அப்பா. அவர் கண் இன்னும் சிவந்திருந்தது.

"மாப்ள?"

மாப்பிள்ளை மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, ராணி வேஷத்தில், "பெரியவங்க பாத்து செஞ்சா சரி" என்றார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டு பாய்க்கு முன்னால் போய் நின்றேன். என் வயசுப் பெண் யாரும் அந்த இடத்தில் நின்றதில்லை. "என்னக் கேக்கலீங்களே" என்றேன். "எந் தங்கச்சியையும் கேக்கலீங்களே."

"உன்ன இன்னா கேக்கறது?" என்றார் ஊர்க்கவுண்டர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"கூத்து வேற, குடும்பம் வேற" என்றார் மாமனார். "போ உள்ள."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் ராஜா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடிப் போடுங்க! பொம்பளயக் கேக்க வேணாம்னு இப்ப சபையே ஒத்துக்கிச்சு. கேக்க வேணாம்னா நான் வித்ததும் செல்லும். கிடேரி எனக்கு!" என்று ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

வியாபாரி கிடேரியின் வாலைப் பிடித்துக்கொண்டார். "அது எப்பிடி? கேக்கணும்! அந்தம்மாவக் கேக்கணும்! ஒரே மரத்தடியில ரெண்டு நியாயமா?" ராஜா கயிற்றை விடவில்லை. "சரிதான், கேக்காட்டிப் போகட்டும்" என்று வியாபாரி வாலை விட்டுவிட்டு என் புருஷனின் கையைப் பிடித்தார். "வாம்மா, வண்டியில ஏறு."

என் புருஷன் ஒரு புளியமரத்தைக் கட்டிக்கொண்டார். "அவளக் கேளுங்க! சாமி சத்தியமா அவளக் கேளுங்க! அவ எம் பொண்டாட்டி, அவளக் கேக்காம ஒண்ணும் பண்ணாதீங்க!" என்று கத்தினார். எங்கள் இல்லறத்தில் அவர் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார். இருந்தாலும் பேசினார்.

ஊர்க்கவுண்டர் நெற்றியைத் தேய்த்தார். என்னைக் கேட்காவிட்டால் ராணி வண்டி ஏற வேண்டும். ராணி போகக் கூடாதென்றால் என்னைக் கேட்டே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் கேட்டார்.

"சரி, சொல்லித் தொலம்மா. உனக்கு இஷ்டமா?"

"இல்லீங்க" என்றேன்.

அப்பா எழுந்தார். "இவ சொல்லிட்டா ஆச்சா? கட்டிக்கப் போறவ சின்னவ. அவளக் கேளுங்க. நான் கிழிச்ச கோட்ட அவ தாண்டமாட்டா. சரின்னுதான் சொல்லுவா."

அப்பா சொன்னது உண்மை. தின்னு என்றால் தின்பாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். சரி என்பதைத் தவிர வேறு பதில் அவளுக்குப் பழக்கமே இல்லை. சபை யோசித்துவிட்டு, சின்னவள் வார்த்தைதான் முடிவு, அவள் வார்த்தைக்குப் பிறகு பேச்சில்லை என்றது. பெற்றவன் கேட்டால் அது கேட்டதாகாது, கூடப்பிறந்தவளே கேட்கட்டும் என்றார் ஊர்க்கவுண்டர்.

ஆக, அம்மா வீட்டுக்கு ஒரு ஊர்வலம் கிளம்பியது. மாந்தோப்பு வழியாக நான் முன்னால் நடந்தேன். பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ராணி. அவர் ஓடிவிடாமல் பக்கத்திலேயே வியாபாரி. கிடேரியை யாரையும் நம்பி விடமாட்டேன் என்று அதைப் பிடித்தபடி ராஜா, கிரீடத்தோடு. அதன்பின் ஊர்க்கவுண்டர், மாமனார், அப்பா, பாதி ஊர். வழியில் மாமரத்துக்குக் காவல் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

தங்கை வீட்டை ஒட்டிய நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் வரப்பில் நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கிப் போனேன். அவள் அவ்வளவு கூட்டத்தையும் பார்த்து மிரண்டு எழுந்தாள். தாவணியெல்லாம் மண்.

"மாமாவுக்கு உன்னக் கட்டிவெக்கறதாப் பேசியிருக்காங்க. உனக்கு இஷ்டமான்னு கேக்கறாங்க" என்றேன்.

அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கடலைச் செடிதான் இருந்தது.

"யாரக் கேக்கற?"

"உன்னத்தான்."

களைக்கொத்தைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தாள். வரப்பில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கமாக நெருங்கி வந்து, மூச்சுக் குரலில் கேட்டாள்.

"வேணாம்னு கூடச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"சொன்னா அடிப்பாங்களா?"

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தெரியலடி" என்றேன்.

அவள் "வேணாம்" என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். வரப்பிலிருந்து ஊர்க்கவுண்டர், "இன்னா சொல்றா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, அடி விழுந்தால் விழட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, காடு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.